ஜெபத்தில் கேட்ட சம்பளம்

புதிதாகத் தேறி, கஞ்சி போட்ட வெள்ளை உடுப்போடு வந்திருக்கிற பெண்களே, நாடி பார்ப்பதைப் பற்றியும் காயம் கட்டுவதைப் பற்றியும் நான் எதுவும் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழில் பரீட்சை எழுதி நர்சு ஆனவள். உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிற ஒரு விஷயத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். சம்பளம் எவ்வளவு வேண்டும் என்று முதல் தடவை கேட்கும்போது வாயைத் திறப்பது எப்படி? நான் அதில் கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் வாயைத் திறந்த விதத்தை நினைத்தால் இந்த வயதிலும் காது சுடுகிறது.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே கவலைக்காரி. ஊசி போட்டு முடித்த பிறகு, சரியான மருந்துதானா என்று காலிக் குப்பியை மறுபடி எடுத்துப் பார்ப்பேன். பூட்டிய அலமாரியை இழுத்துப் பார்ப்பேன். தூங்குகிற நோயாளி மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்கு நேரே விரலை நீட்டி, பாதிப் பேரை எழுப்பிவிட்டிருக்கிறேன். வார்டில் அந்தப் பயம் பல சமயம் நல்லதாகவே முடிந்தது. ஆனால் பணம் என்று பேச்சு வந்தால் அதே பயம் என் நாக்கைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடும்.

முப்பதுகளில் நடந்தது இது. கோடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அதை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. பைபிளைப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டவர், அதனால் எங்களைப் போலப் பேச அவருக்கு வராது. அச்சடித்த மாதிரிதான் பேசுவார். நான் பாலசமுத்திரத்திலிருந்து மலையேறி அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தேன். சேர்ந்த நாலு பெண்களில் இருவர் பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் ரெபெக்காவும். அந்த ஆஸ்பத்திரியிலேயே படித்துத் தேறிய முதல் இருவர் நாங்கள்தான். ஆகையால் எங்களுக்கு என்ன சம்பளம் என்பது யாருக்குமே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேறிய செய்தி வந்த அன்று டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். பிறகு, "உங்கள் சம்பளத்தைக் குறித்து ஜெபம் பண்ணுங்கள். மாதக் கடைசியில் நான் மிஷன் கமிட்டிக்கு எழுதுவேன்" என்றார்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு விளங்கியது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் நேரே போய் எதையும் கேட்கிற வழக்கமில்லை. கேட்டால், "ஜெபிப்போம்" என்பார். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் வராந்தாவில் எல்லோரும் பெஞ்சுகளில் உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக வரிசையாக ஜெபிப்போம். சங்கிலி ஜெபம் என்று பெயர். காலப்போக்கில் வேலைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியதைக் கர்த்தரிடம் கேட்பார்கள், டாக்டரம்மாவின் காதில் விழும்படியாக. சமையல்கார யாக்கோபு அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, பச்சை விறகையும் எரிய வைக்கிற வல்லமை உமக்கு உண்டு. ஆனா புகையில எனக்குக் கண்ணு போயிட்டிருக்குங்கிறதும் உமக்குத் தெரியும்" என்பார். ரெண்டு நாளில் காய்ந்த விறகு வந்து இறங்கும். காவல்காரர் கம்பளிக்கு ஜெபித்தால் கம்பளி வரும். டாக்டரம்மாவுக்கு இது புரியாமல் இல்லை. புரிந்தது மாதிரி காட்டிக்கொள்ளவும் மாட்டார்.

எனவே நாங்களும் சம்பளத்தை ஜெபத்தில்தான் கேட்க வேண்டும். எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்தது ரெபெக்கா. மாதம் இருபது ரூபாய்.

"இருபதா? அடியே, பேராசைன்னு நெனச்சிருவாங்கடி" என்றேன்.

"நெனக்கட்டும். சீசன்ல துரைமார் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டுத் திரியுற ஆயாவுக்கே பதினஞ்சு குடுக்காக. நாம மூணு வருசம் படிச்சிருக்கோம்."

ரெபெக்காவின் வீடு வட்டக்கானல் பக்கம். அவளுடைய அப்பா ஒரு காலத்தில் துரைமாரை டோலியில் வைத்து மலைமேல் தூக்கி வந்தவர். மோட்டார் ரோடு வந்ததும் அந்தப் பிழைப்பு போய், மரம் வெட்டப் போனார். மரம் சாய்ந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து படுக்கைதான். அம்மா இல்லை. சின்னதாக ரெண்டு தம்பிகள். இவள் சம்பளம் வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும். எனக்கு அப்படி இல்லை. எங்கள் வீட்டில் எப்படியோ கஞ்சி இருந்தது. நான் கேட்கக் கூச்சப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிற்பாடு தோன்றியது.

அந்த வாரத்தில் ஒருநாள் விளக்குத் திரி வாங்க நாங்கள் பஜாரில் ராவுத்தர் கடைக்குப் போனோம். மலையின் கீழ்ச் சரிவிலிருந்த காப்பித் தோட்டங்களுக்கு அரிசி பருப்பு அனுப்புகிறவர் அவர்.

"ரெபெக்காம்மா, ஒரு சேதி இருக்கு" என்றார். "கீழத் தோட்டத்துல மருந்து குடுக்க ஒரு நர்சு தேடுறாக. இருபத்தஞ்சு ரூவா, தங்க வீடு. கணக்கப்பிள்ளை ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வருவாரு, உங்க பதிலைக் கேட்டுச் சொல்லச் சொன்னாரு. இங்க டாக்டரம்மா என்ன குடுக்காக?"

"அது இன்னும் ஜெபத்துல இருக்கு, ராவுத்தரே."

"ஜெபத்துலயா?" அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நானும் வெள்ளனே எந்திரிச்சுத் தொழுதுட்டுத்தான் கடையைத் திறக்கேன். ஆனா வெங்காயத்துக்கு விலையை வாயாலதானம்மா சொல்றேன்."

ரெபெக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்ச் சரிவுத் தோட்டங்கள் என்றால் மலைக்காய்ச்சல். எங்கள் வார்டுக்கு அங்கிருந்து தூக்கி வரப்பட்டவர்களில் எத்தனை பேர் நடந்து திரும்பினார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ரெபெக்காவுக்கே பயிற்சிக் காலத்தில் ஒருமுறை கீழே போய்வந்ததில் அந்தக் காய்ச்சல் வந்து, பிழைத்ததே பெரிது என்று ஆகியிருந்தது. அப்போது டாக்டரம்மா அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "நீ இனி கீழ்ச் சரிவில் ஓர் இரவும் தங்கலாகாது" என்று சொல்லியிருந்தார்.

திரும்பும் வழியில், "நீ போக மாட்டேல்ல?" என்று கேட்டேன்.

"இங்க இருபது கெடைச்சா எதுக்குப் போறேன்? கெடைக்கலைன்னா வேற வழி? காய்ச்சலுக்குப் பயந்து உக்காந்துட்டா எங்கப்பா எதைக் காய்ச்சிக் குடிப்பாரு?"

ஆக அவள் போவதும் இருப்பதும் அந்த ஜெபத்தில் இருந்தது. அந்த ஜெபத்தைச் செய்ய வேண்டியவள் நான். பெஞ்சு வரிசையில் நான் முன்னே, அவள் எனக்கு அடுத்து. தவிர, ஜெபத்தில் எனக்குக் கண்ணீர் சுலபமாக வரும் என்று ஆஸ்பத்திரியில் பெயர். "நான் கேட்டா சண்டை போடுற மாதிரி இருக்கும்டி. நீ கேட்டாத்தான் எடுபடும்" என்று சொல்லி, ரெபெக்கா வாசகத்தைக் கட்டிக்கொடுத்தாள். துணி காயப் போடும்போதும் படுக்கை விரிக்கும்போதும் நான் அதை மனப்பாடம் செய்தேன். 'ஆண்டவரே, எங்கள் தேவைகளை நீர் அறிவீர். எங்கள் இருவருக்கும் மாதம் இருபது ரூபாய் கிடைக்க உதவி செய்யும்.' இவ்வளவுதான். ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா முதலில் ஜெபித்தார். எங்கள் இருவருக்காகவும் நன்றி சொன்னார். "தங்களுக்கென்று ஒன்றையும் தேடாத இந்த இரண்டு குமாரத்திகளுக்காக உம்மைத் துதிக்கிறோம்" என்றார். அவர் சூழ்ச்சியாகச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் என் மனப்பாடம் முழுவதும் கரைந்துபோனது.

என் முறை வந்தது. "ஆண்டவரே, எங்கள் தேவைகளை நீர் அறிவீர்" என்று தொடங்கினேன். அதுவரை சரி. அடுத்து இருபது என்ற சொல் வர வேண்டும். தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. 'தங்களுக்கென்று ஒன்றையும் தேடாத' என்று சொல்லிய வாய் மூடுவதற்குள் ரூபாய் கேட்டால் டாக்டரம்மா என்ன நினைப்பார்? யாக்கோபு அண்ணன் என்ன நினைப்பார்? கடவுளே என்ன நினைப்பார்? இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் தானாகப் பேசிக்கொண்டு போகிறது. "நாங்கள் கூலிக்காக வந்தவர்கள் அல்ல ஆண்டவரே. நீர் எது கொடுத்தாலும் எங்கள் இருவருக்கும் அது போதும். அதிலே திருப்தியாக இருப்போம்." கூடவே அழுகையும் வந்துவிட்டது. அழுதது பயத்தினால். பார்த்தவர்களுக்குப் பக்தியாகத் தெரிந்திருக்கும்.

டாக்டரம்மா வராந்தா அதிரும்படி "ஆமென்" என்றார்.

அடுத்து ரெபெக்கா. நான் கண்ணைத் திறக்கவில்லை. அவள் மூச்சு மட்டும் என் பக்கத்தில் கேட்டது. எனக்குப் பிறகு அவள் எதைக் கேட்க முடியும்? கேட்டால் நான் பரிசுத்தவதி, அவள் பணப்பேய். எல்லோருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் அறைக்கு நடக்கும்போது அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நல்லா ஜெபிச்சடி" என்றாள். "எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

"ரெபெக்கா, நான் வேணும்னு செய்யலடி. வாய் தவறிருச்சு."

"தவறலை. உனக்கு நல்ல பேரு வேணும். வாங்கிட்ட. அதுக்கு என் சம்பளத்தையும் சேர்த்துக் குடுத்துட்ட, அவ்வளவுதான்."

மறுநாள் வெள்ளிக்கிழமை முழுவதும் வார்டில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். காவல்காரர், "உங்களை மாதிரி ஒரு பொண்ணை இந்தக் காலத்துல பாக்க முடியாது சிஸ்டர்" என்றார். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் ரெபெக்கா பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் மன்னவனூரிலிருந்து ஒரு பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். வீட்டில் பிள்ளை பிறந்து, பிறகு ரத்தம் நிற்கவில்லை. நான் கையைப் பிடித்துப் பார்த்தபோது நாடி விரலுக்குத் தப்பித் தப்பிப் போனது. டாக்டரம்மா வேறொரு நோயாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்றார். நான் வாசலில் நின்றுகொண்டு, "முடிக்க முடியாதுங்கம்மா. அதைப் போட்டுட்டு இப்பவே வாங்க" என்று கத்தினேன். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் கட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் அந்தப் பெண் பிழைத்துவிடுவாள் என்று தெரிந்தது.

தொட்டியடியில் நானும் ரெபெக்காவும் கை கழுவிக்கொண்டிருந்தோம். அன்று அவளாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏண்டி, டாக்டரம்மாவையே ஒரு அதட்டு அதட்டினியே. அந்த வாயை வியாழக்கிழமை எங்க கழட்டி வச்சிருந்த?"

"இது அவளுக்காகக் கேட்டதுடி. உசுரு போகுதுல்ல."

"சரி. எனக்காகன்னு நெனச்சுக்க." கையை உதறிவிட்டு அவள் சொன்னாள். "நாளைக்குச் சந்தை. நான் கணக்கப்பிள்ளைகிட்ட வாரேன்னு சொல்லப்போறேன். கீழ போய் நான் காய்ச்சல்ல கெடக்கும்போது என் நாடியைப் பிடிச்சிட்டு இதே மாதிரி கத்த அங்க யாரு இருக்கா?"

நான் ஈரக்கையோடு அப்படியே டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். யோசித்தால் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். காலையில் நான் கத்தியதற்காக மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போலும். "நீ செய்தது சரியே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மறுபடி நாக்கு புரளப் பார்த்தது. புரண்டும்விட்டது. "அம்மா, எனக்கு எது குடுத்தாலும் சரிங்கம்மா. ரெபெக்காவுக்கு மட்டும் இருபது ரூபா குடுங்கம்மா. அவ வீட்டுல கஷ்டம்" என்றேன்.

பார்த்தீர்களா? அந்த நேரத்திலும் நான் நல்லவளாகவே இருக்கப் பார்த்தேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்கள் இருவரும் ஒரே வேலையைச் செய்கிறீர்கள். ஒருத்திக்கு இருபதும் மற்றொருத்திக்குக் குறைவுமாக எப்படி எழுதுவேன்? வீட்டின் கஷ்டத்துக்குச் சம்பளம் கிடையாது. வேலைக்கே சம்பளம்." பிறகு மேசையிலிருந்த தாளைத் தொட்டுக் காட்டி, "நீங்கள் இருவரும் திருப்தியாக இருப்போம் என்று நீ ஜெபித்தாய். நான் கேட்டேன். ஆகையால் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை தபாலில் போகும்" என்றார்.

பன்னிரண்டு. பிள்ளை தூக்குகிற ஆயாவைவிடக் குறைவு.

"அம்மா, அந்த ஜெபம்..." என்று இழுத்தேன்.

"அந்த ஜெபம் மெய்யா, பொய்யா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மருந்தின் பெயரைக் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு எத்தனையோ பதில்கள் ஓடின. வாய் தவறிவிட்டது என்று சொல்லலாம். பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். கொஞ்சம் மெய், கொஞ்சம் பொய் என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொன்றும் எனக்கு ஒதுங்க இடம் கொடுக்கிற பதில். ஒன்றுகூட ரெபெக்காவைச் சந்தைக்குப் போகவிடாமல் தடுக்கிற பதில் இல்லை. கர்த்தரின் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு பொய் சொன்னவள் என்று டாக்டரம்மாவின் முன்னால் ஆவதா, நல்ல பெயரோடு இருந்துகொண்டு அவளைக் காய்ச்சலுக்கு அனுப்புவதா? இப்போது எழுதும்போது இதற்கு யோசனையே தேவையில்லை என்று தெரிகிறது. அன்றைக்கு நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், வெகுநேரம்.

"பொய்தாங்கம்மா" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அடுத்த அறையில் மருந்து இடித்துக்கொண்டிருந்த உலக்கைச் சத்தம் நின்றது.

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. எனக்காக அவர் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். "யாரிடத்தில் பொய் சொன்னாயோ அவரிடத்தில் போய்ச் சொல்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார்.

யாரிடத்தில் என்றால் எங்கே? சாயங்காலம், வராந்தாவில், எல்லோர் முன்பாக.

அன்றைக்கு வராந்தா நிரம்பி இருந்தது. மன்னவனூர்ப் பெண்ணைத் தூக்கி வந்த ஆட்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். இந்த முறை கண்ணீர் வரவில்லை. தேவைப்பட்ட நேரத்தில் அது வரவே இல்லை.

"ஆண்டவரே," என்றேன், "வியாழக்கிழமை நான் உம்மகிட்ட சொன்னது பொய். எது குடுத்தாலும் போதும்னு சொன்னேன். போதாது. எனக்கும் ரெபெக்காவுக்கும் மாசம் இருபது ரூபா வேணும். கெடைக்கலைன்னா அவ கீழத் தோட்டத்து வேலைக்குப் போயிருவா. அழகா ஜெபிக்கணும்னு ஆசைப்பட்டு, அவளையும் சேர்த்து மாட்டிவிட்டுட்டேன். என்னை மன்னியும். ஆனா அந்த இருபது ரூபாயை மறந்துராதேயும். ஆமென்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. டாக்டரம்மா சொல்லவில்லை. முந்தின நாள் என்னைப் புகழ்ந்த காவல்காரர் இருமினார். மன்னவனூர் ஆள் ஒருவர் பக்கத்து ஆளிடம், "என்னப்பா, இங்க சாமிகிட்டயே சம்பளம் பேசுறாக" என்று கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டது. பெஞ்சு பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

அடுத்து ரெபெக்கா. அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. "ஆண்டவரே, இவ சொன்னதேதான். ஆமென்" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்தவர் யாக்கோபு அண்ணன். வழக்கமாக விறகைப் பற்றித் தொடங்குகிறவர் தொண்டையைச் செருமினார். "ஆண்டவரே, இன்னிக்கு உள்ளதைச் சொல்ற நாள் போல இருக்கு. நான் எட்டு ரூபாயில எத்தனை வருசமா வெந்துக்கிட்டிருக்கேன்னு உமக்குத் தெரியும்" என்றார். அவருக்கு அடுத்து, வார்டு கூட்டுகிற அக்கா. அந்த அம்மாள் வாய்விட்டு ஜெபித்து நாங்கள் கேட்டதே இல்லை. "எனக்கும் ஆண்டவரே" என்று முணுமுணுத்தாள். காவல்காரர் தனக்கு என்று தொடங்கி, கம்பளியையும் சேர்த்துக் கேட்டார். சங்கிலி முழுவதும் சம்பளமாகவே போய் முடிந்தது. கடைசியில் டாக்டரம்மா முடிவு ஜெபம் செய்ய வேண்டும். அவர் அதைச் செய்யாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் அவருடைய ஜெபக்கூட்டத்தையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். துணிகளை எடுத்து மடித்துக்கூட வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் ஆராதனைக்கு முன்பாக எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். அதற்குமுன் நாங்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்ததில்லை.

"வியாழக்கிழமை நீங்கள் இருபது கேட்டிருந்தால், நான் இருபது என்று எழுதியிருப்பேன்" என்றார். "என்னிடத்தில் அதற்கு இடம் இருந்தது. இப்போது சமையற்காரனுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவர்களுடைய குறைவை நான் இத்தனை வருஷம் அறியாதிருந்தேன். உங்களுக்குப் பதினெட்டு. அதற்கு மேல் கமிட்டி சம்மதிக்காது." பிறகு ரெபெக்காவைப் பார்த்து, "நீ கீழே போகலாகாது. போதுமா?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். ரெபெக்கா அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். "போதாதுங்கம்மா. ஆனா இருக்கேன். அடுத்த வருசம் மறுபடி கேப்பேன்."

டாக்டரம்மா முதலில் திகைத்தார். பிறகு, "கேள்" என்றார்.

ஆராதனை முடிந்து சந்தைக்குப் போனோம். கணக்கப்பிள்ளை ராவுத்தர் கடை வாசலில் சாக்குமேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, இருபத்தஞ்சை விட்டுட்டு இந்தக் குளிருலயே கெடக்கப் போறியா?" என்றார்.

"கெடந்துட்டுப் போறேன். நீங்க வெரசா வேற ஆளைப் பாருங்க. அதுக்கு மொதல்ல அந்தத் தோட்டத்துக்குக் கொசுவலை வாங்கிப் போடுங்க" என்றாள் ரெபெக்கா.

நான் சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்தேன். அவள் பிடிக்க விட்டாள், ஆனால் சிரிக்கவில்லை. "ரெண்டு ரூபா போச்சு" என்றாள். "அது எங்க வீட்டுக்கு ஒரு வாரத்துக் கம்புடி. யாக்கோபு அண்ணனுக்குத்தான் போயிருக்கு, அதனால பொறுத்துக்கிறேன். உன் நல்ல பேருக்குப் போயிருந்தா நான் பொறுத்திருக்க மாட்டேன்."

நான் அவள் கையை விட்டேன்.

நாங்கள்தான் முதல் இருவர் என்று சொன்னேன் அல்லவா? எங்களுக்குப் பின்னால் வருஷா வருஷம் பெண்கள் தேறி வந்தார்கள். அவர்களுக்கு என்ன சம்பளம் என்ற கேள்விக்கு முன்மாதிரி இருந்தது. பதினெட்டு. யுத்தம் வந்து அரிசி விலை ஏறிய பிறகும் கொஞ்ச காலம் அதே பதினெட்டு. அந்தத் தொகையைக் கேட்டதும் ஒரு பெண்ணின் முகம் சுருங்கும். மற்றொருத்தி விரல் விட்டு எண்ணுவாள். அவர்களில் ஒருத்தியிடமாவது 'இது என் வாய் செய்த வேலை' என்று நான் சொன்னதில்லை. மருந்து அலமாரியை ஒழுங்குபடுத்துகிற மாதிரி திரும்பிக்கொள்வேன்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் தொகையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அப்போது ஒரு அமைதி வரும். வார்டில் உயிர் ஊசலாடும்போது வருகிற அமைதியைவிட அது பயங்கரமாக இருக்கும். அதை நிரப்ப, "குறைச்சாலும் பரவாயில்லை" என்று உங்கள் வாய் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்தப் பணம் தேவையில்லாமல் இருக்கலாம், எனக்கு இருந்ததுபோல. பக்கத்துப் பெஞ்சில் இருப்பவளுக்குத் தேவை இருக்கும். உங்களுக்குப் பிறகு வருகிறவளுக்கும் இருக்கும். விட்டுக்கொடுக்கிற பெருமை உங்களுக்குக் கிடைக்கும், குறைகிற பணம் அவர்களுடையதாக இருக்கும்.

ரெபெக்கா கடைசிவரை அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தாள். சொன்னபடி அடுத்த வருஷம் கேட்டாள், அதற்கடுத்த வருஷமும் கேட்டாள், ஜெபத்தில் அல்ல, டாக்டரம்மாவின் அறைக்குப் போய். ஒவ்வொரு முறையும் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். போகும் வழியில், "நீ ஒண்ணும் பேசிராத, புண்ணியமாப் போகும்" என்பாள். அவள் தொகையைச் சொல்வாள். நான் அவளுக்குப் பின்னால், தரையைப் பார்க்காமல் நிற்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.